டவாலி சிங்கராயர் சொன்ன சட்டம்

சிங்கராயர் கோர்ட்டு வராந்தாவில் நின்று தன் பெயரைத் தானே கூப்பிட்டார்.

"சவரிமுத்து மகன் சிங்கராயர்! சிங்கராயர்! சிங்கராயர்!"

ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டார். கூப்பிட்டு முடித்ததும், எப்போதும் செய்வதைப்போல, புங்கமரத்தடியில் குந்தியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். யாராவது பீடியைத் தரையில் தேய்த்துவிட்டு எழுந்து ஓடி வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் எழவில்லை. டீக்கடைப் பக்கம் பார்த்தார். அங்கேயும் யாரும் திரும்பவில்லை. உள்ளே போய்க் கைகட்டி நின்றார்.

"கூப்பிட்டாச்சா?" என்றார் நீதிபதி அம்மா.

"கூப்பிட்டேங்கம்மா. ஆஜர் இல்லீங்க."

நீதிபதி குனிந்து எழுதினார். "பிரதிவாதி எக்ஸ்பார்ட்டி. வாதி சாட்சியத்துக்கு வாய்தா." பெஞ்சு கிளார்க் அடுத்த வழக்குக் கட்டை எடுத்து வைத்தான்.

அடுத்த பெயரைக் கூப்பிட வெளியே வந்தபோதுதான் சிங்கராயருக்கு அது உறைத்தது. ஆஜர் இல்லை என்று சொன்னது யார்? தன் வாய்தான். அந்த வாய் இத்தனை வருஷமாக மற்றவர்களைக் கூப்பிட்டே பழகியது. கூப்பிட்டால் வேறு எங்கிருந்தோ பதில் வரவேண்டும். வராவிட்டால் உள்ளே போய் இல்லை என்று சொல்லவேண்டும். அதைத்தான் செய்தது. கையில் இருந்த காகிதத்தில் அடுத்த பெயர் இருந்தது. எழுத்துகள் தெரிந்தன, பெயர் தெரியவில்லை.

"டவாலி, என்ன நின்னுட்டீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கூப்பிட்டார்.

அந்தக் கோர்ட்டில் அவருக்குப் பெயர் கிடையாது. மார்பின் குறுக்கே போடும் சிவப்புப் பட்டைக்கு டவாலி என்று பெயர். அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆளுக்கும் அதே பெயர். கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் இருந்த சின்ன முன்சீப் கோர்ட்டு அது. நீதிபதிகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். எல்லோருக்கும் அவர் டவாலிதான். வக்கீல்களுக்கும் டவாலிதான். அன்றைக்கு இருந்த நீதிபதி கோடை விடுமுறை முடிந்து புதிதாகச் சேர்ந்தவர். பெஞ்சு கிளார்க் திருவாரூரிலிருந்து மாற்றலாகி வந்தவன். சிங்கராயர் என்றால் இன்னார் என்று தெரிந்தவர் அமீனா இராஜாங்கம் ஒருவர்தான். அவரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு சம்மன் கொடுக்கக் கிராமங்களுக்குப் போயிருந்தார்.

சிங்கராயருக்கு வந்த சம்மனையும் அவர்தான் கொடுத்திருந்தார். ஒரு மாதம் முன்பு, கோர்ட்டு சைக்கிள் கொட்டகையில்.

"அண்ணே, கையெழுத்துப் போடுங்க. விண்ணரசி கேஸ் போட்டிருக்கு."

"என் தங்கச்சியா?"

"பின்ன எந்த விண்ணரசி? பாகப் பிரிவினை. பாதி வீடு கேக்குது. மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. ஊரு பூரா பூட்டுன வீட்டுக் கதவுல சம்மன் ஒட்டி ஒட்டி என் விரல்ல ரேகையே போச்சு. எல்லாம் துபாய், சிங்கப்பூருன்னு போய்ட்டான். உங்க கதவுலயும் என்னை ஒட்ட வைக்காதீங்க."

சிங்கராயர் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். வக்கீல் வைக்கவில்லை. மனைவி அருள்ஜோதியிடம்கூடச் சொல்லவில்லை. முதல் வாய்தாவிலேயே நீதிபதி கட்டைத் தூக்கி எறிந்துவிடுவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண்ணுக்கு அப்பன் சொத்தில் ஏது பங்கு?

அவர் பட்டையைப் போட்ட நாளிலிருந்து மாதா கோவில் தெருவுக்குச் சட்டம் என்றால் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குகைபோலக் கட்டிய கெபிப் பக்கம், மாதா சுரூபத்துக்குக் கீழே, இரண்டு மூன்று பேர் அவருக்காகக் காத்திருப்பார்கள். ஜாமீன் எப்படி எடுப்பது, வரப்புத் தகராறுக்கு எங்கே பிராது கொடுப்பது, வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு யாரைப் பார்ப்பது. சிங்கராயர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு சொல்வார். பெரும்பாலும் சரியாகவே சொன்னார். பதிலுக்கு ஒரு வாழைத்தார்கூட வாங்கியதில்லை. பெரிய வெள்ளியன்று கோவிலில் பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது, இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து பேசுகிற இடங்களை அவருக்குத்தான் கொடுப்பார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கும்.

எண்பத்தொன்பதில் பெண் பிள்ளைகளுக்கும் சொத்தில் பங்கு என்று புதிய சட்டம் வந்தது. தெருவே அதைத்தான் பேசியது. கோர்ட்டு வராந்தாவில் இரண்டு வக்கீல்கள் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். "இது இந்துக்களுக்கு மட்டும்தான்யா" என்றார் ஒருவர். சிங்கராயர் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கெபிக்கு முன்னால் அறிவித்தார்.

"பயப்படாதீங்க. இந்துக்களுக்கு மட்டும்தான். நமக்கு அந்தச் சட்டம் கிடையாது. நம்ம பொம்பளைப் புள்ளைங்களுக்குச் சீதனத்தோட சரி."

ஆண்கள் கலைந்து போனார்கள். ஒருவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கேட்டது சரி. அந்தச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும்தான். மீதியை அவராகச் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டது அவருக்கே தெரியாது.

விண்ணரசி அப்போது குவைத்தில் இருந்தாள். அவள் புருஷன் ஆண்டனி கொத்தனார் வேலைக்குப் பம்பாய் போய்த் திரும்பவில்லை. ஏஜெண்டைப் பிடித்து அவள் வீட்டு வேலைக்குப் போனாள். அப்பா சவரிமுத்து வயலில் மடை திருப்பும்போது மயங்கி விழுந்து இறந்ததற்கும் வர முடியவில்லை. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தாள். குவைத்தில் சண்டை வந்தபோது ஜோர்டான் பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, ஒரு பையோடு ஊர் வந்து சேர்ந்தாள். பின் அறையில், நெல் குதிருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். சண்டை ஓய்ந்ததும் திரும்பப் போய்விட்டாள்.

போன வருஷம் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்குப் பேசினாள். சிங்கராயரைக் கூட்டிவரச் சொல்லி, லைனில் காத்திருந்தாள்.

"அண்ணே, முட்டி ரெண்டும் போச்சு. இனிமே முடியாது. வந்துடலாம்னு இருக்கேன். அந்தப் பின் ரூம எனக்கு விட்டுடு."

"அது லியோவுக்கு வேணும்மா. கல்யாணம் பண்ணா அவன் எங்க போவான்? அதை இடிச்சுக் கட்டப்போறோம்."

"அப்பா வீடுதானே அண்ணே. எனக்கு ஒரு ரூம் கூடவா இல்ல?"

"உனக்குப் பாத்தியம் இல்ல தங்கச்சி. நான் சொல்லல. சட்டமே அப்படி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு லைன் அறுந்தது. அவளாக வைத்தாளா, தானாக அறுந்ததா என்று சிங்கராயருக்குத் தெரியவில்லை. பூத்துக்காரரிடம், "பாவம், விவரம் தெரியாத பொண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வாதி சாட்சியத்துக்குப் போட்ட நாள் வந்தது. கட்டு மேலே வந்ததும் சிங்கராயர் வராந்தாவுக்கு வந்தார். இந்தத் தடவை பிரதிவாதியைக் கூப்பிட வேண்டியதில்லை. எக்ஸ்பார்ட்டி ஆனவனை, வரவில்லை என்று எழுதி ஒதுக்கப்பட்டவனை, கோர்ட்டு கூப்பிடாது.

"சவரிமுத்து மகள் விண்ணரசி!"

ஒரு தடவைதான் கூப்பிட்டார். அவள் தூணுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். வெளிர்நீலச் சேலை. முடிக்குச் சாயம் அடித்திருந்தாள். படியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். அவரைத் தாண்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையைப் பார்த்தாள்.

கூண்டில் ஏறி நின்றாள். சத்தியம் சொல்லி வைப்பது டவாலியின் வேலை. சிங்கராயர் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கடவுள் அறிய."

"கடவுள் அறிய" என்றாள்.

"நான் சொல்வதெல்லாம் உண்மை."

"நான் சொல்வதெல்லாம் உண்மை."

"உண்மையைத் தவிர வேறில்லை."

அவள் அதையும் சொன்னாள். அவளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். சின்ன வயதில், முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முந்தின வாரம், இதே மாதிரி, ஒவ்வொரு வரியாக. சிங்கராயர் இரண்டடி பின்னால் நகர்ந்து கைகட்டி நின்றார்.

விண்ணரசியின் வக்கீல் சுடர்விழி, கும்பகோணத்திலிருந்து வந்த சின்ன வயதுப் பெண். முதல் வாய்தாவுக்கு அவள் வரவில்லை, ஜூனியரை அனுப்பியிருந்தாள். வாதியின் அண்ணன் கோர்ட்டு உத்தியோகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். தஞ்சாவூரில் எங்கோ குமாஸ்தா என்று நினைத்திருந்தாள்.

"இந்த வீடும் நிலமும் யாரோடது?"

"எங்க அப்பாவோடதுங்க."

"உயில் ஏதாவது எழுதி வச்சாரா?"

"இல்லீங்க. வயல்லயே திடீர்னு போய்ட்டாரு."

"அவருக்குப் பிள்ளைங்க?"

"நானும் எங்க அண்ணனும்."

"இப்ப சொத்து யார் கையில இருக்கு?"

"அண்ணன் கையில."

நீதிபதி எழுதிக்கொண்டே நிமிராமல் கேட்டார். "உங்க அண்ணன் ஏன் வரலை? இப்படி ஒரு வழக்கு இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியுங்கம்மா."

"தெரியும்னு எப்படிச் சொல்றீங்க?"

விண்ணரசி முதல் தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இப்பதானேம்மா எனக்குச் சத்தியம் பண்ணி வச்சாரு."

பேனா நின்றது. நீதிபதி நிமிர்ந்தார். "யாரு?"

"இவருதாங்க. சிவப்புப் பட்டை போட்டிருக்காரே."

பெஞ்சு கிளார்க் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றான். சுடர்விழி கையில் இருந்த காகிதத்தையும் சிங்கராயரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டவாலி, உங்க பேரு என்ன?"

"சிங்கராயருங்கம்மா."

"போன வாய்தாவுக்குப் பிரதிவாதியைக் கூப்பிட்டது யாரு?"

"நான்தாங்க."

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"என்னைத்தாங்க."

"அப்புறம்?"

"பதில் வரலீங்கம்மா."

பின் பெஞ்சில் இருந்த வக்கீல்கள் வெடித்துச் சிரித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார். அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது கோபமும் இல்லை. கண்ணெதிரே ஒருவன் கிணற்றில் குதித்ததைப் பார்த்ததுபோல உட்கார்ந்திருந்தார்.

"பட்டையைக் கழட்டி வச்சுட்டு இந்தப் பக்கம் வாங்க."

கழற்றினார். இராஜாங்கம் வந்து வாங்கிக்கொண்டார். பட்டை இல்லாமல் அந்த அறைக்குள் சிங்கராயர் நின்றதில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இந்த வழக்கில உங்களுக்கு என்ன ஆட்சேபணை? பயப்படாம சொல்லுங்க. நியாயமான காரணம் இருந்தா எக்ஸ்பார்ட்டியை ரத்து பண்ணலாம்."

இந்தக் கேள்விக்குத்தான் ஒரு மாதமாகப் பதில் வைத்திருந்தார். குரல் தானாகத் தெளிந்தது.

"அம்மா, நாங்க வேதக்காரங்க. பொம்பளைங்களுக்குப் பங்குன்னு வந்த சட்டம் இந்துக்களுக்குங்க. எங்களுக்கு அது கிடையாதுங்க. எங்க தெருவுல யாரும் கேட்டதில்ல, யாரும் கொடுத்ததில்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு மூத்த வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் நீதிபதி.

"இங்கதாங்க கேட்டேன். இந்தக் கோர்ட்டுலதான்."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "உங்களுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சாம் வருஷத்து வாரிசுச் சட்டம். அதுல பிள்ளைங்க எல்லாருக்கும் சம பங்கு. ஆண், பெண்ணுன்னு வித்தியாசம் இல்ல. அந்தப் புத்தகம் என் ரூம் அலமாரியிலயே இருக்கு."

சிங்கராயருக்கு அந்தப் புத்தகம் தெரியும். மேல் தட்டில், இடது ஓரம், கருநீல அட்டை. அட்டையில் தங்க எழுத்து பாதி உதிர்ந்திருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் துணியால் துடைத்து வைப்பது அவர்தான். பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை வைத்ததும் அவர்தான்.

"என்ன சொல்றீங்க?"

வாயைத் திறந்தார். வந்தது, அந்த அறையில் பல்லாயிரம் பேர் சொல்லி அவர் உள்ளுக்குள் சிரித்த வார்த்தை.

"ஒரு வாய்தா வேணுங்கம்மா."

பின் பெஞ்சு மறுபடி சிரித்தது. நீதிபதி தேதி கொடுத்தார்.

வெளியே வராந்தாவில் விண்ணரசி முட்டியை நீவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுடர்விழி பக்கத்தில் நின்றாள். சிங்கராயர் அவர்களைத் தாண்டிப் போகப் பார்த்தார், முடியவில்லை.

"ஏன் தங்கச்சி, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எதை?"

"இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு."

அவள் சிரித்தாள். "கோர்ட்டுல நிக்கிற அண்ணனுக்கு, குவைத்துல பாத்திரம் தேய்க்கிறவ சட்டம் சொல்லணுமா? நீ போன்ல சொன்னப்ப நான் நம்பிட்டேன் அண்ணே. நம்பி, அங்க மாதா கோவில்ல உக்காந்து அழுதுட்டிருந்தேன். சான்ட்ரான்னு ஒரு மலையாள நர்ஸு, ஏன் அழுவுறேன்னு கேட்டா. சொன்னேன். அவ சொல்றா, எங்க ஊர்லதான் ஒரு அம்மா சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் வாங்க வேண்டியிருந்துச்சு, உங்க பக்கம் எப்பவுமே உண்டே, உங்க அண்ணனுக்குத் தெரியாதான்னு."

"எப்பவுமேவா?"

சுடர்விழிதான் பதில் சொன்னாள். "இருபத்தஞ்சுக்கும் முன்னாடியே உண்டுங்க ஐயா. ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தஞ்சு. இந்துவுக்குச் சாஸ்திரம் இருந்துச்சு, முஸ்லிமுக்கு ஷரியத் இருந்துச்சு. வேதக்காரங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லன்னு வெள்ளைக்காரன் அவனோட ஊரு வழக்கத்த வச்சு ஒண்ணு எழுதிட்டான். யாரும் கேக்கல, யாரும் போராடல. உங்க தெருவுக்குச் சும்மா வந்து விழுந்துச்சு. எங்க பாட்டன் முப்பாட்டன்லாம் பண்ணையார் கொல்லையில குடிசை போட்டு, போன்னா போகணும்னு இருந்த காலம் அது. எங்களுக்குக் குடியிருந்த மண்ணு சொந்தம்னு ஒரு சட்டம் வர்றதுக்கு அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு. வந்த அன்னைக்கே எங்க தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். சிங்கராயருக்கும் புரியவில்லை.

வீட்டுக்கு நடந்தார். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் நடுவழியில் நின்றுவிட்டார். விண்ணரசி ஒருத்தியா? கெபிக்கு முன்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை. அண்ணன்மார் கூட்டிவந்த தங்கைகள், தாங்களாகவே வந்த விதவைகள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசியில் ஒதுங்கி நின்றவர்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். இரக்கமாகத்தான் சொன்னார். சிலரைத் தேற்றியும் அனுப்பினார். யார் யார் என்று யோசித்தால் முகங்கள் வரவில்லை. மாதா சுரூபமும் மெழுகுவத்திகளும்தான் வந்தன.

அவர் வருவதற்குள் செய்தி பஸ்ஸில் வந்துவிட்டது. வாசலில் பூவம்மாள் நின்றிருந்தாள். அதே தெருக்காரி. கோவில் கொல்லைக்குப் பின்னால் ஒரு சிமெண்டு ஓட்டுக் கொட்டகையில் வாடகைக்கு இருந்தாள்.

"சிங்கராயண்ணே, நெஜமா?"

"எது?"

"உங்க தங்கச்சிக்குப் பாதி உண்டுன்னு அந்த நீதிபதி அம்மா சொல்லிட்டாங்களாமே."

அவர் தலையாட்டினார்.

"அப்ப எனக்கு?"

சிங்கராயர் வாசல் கம்பிக் கதவைப் பிடித்தார். இவள் முகம் மட்டும் இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. அம்மா வீட்டை அண்ணன்கள் விற்கப் போகிறார்கள், கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று வந்து நின்றவள்.

"நீங்கதானே சொன்னீங்க. போய் ரேகை வச்சுட்டு வா, வம்பு பண்ணாதன்னு. நான் அன்னைக்கே கேட்டேன், எனக்குப் பாத்தியமே இல்லன்னா என் ரேகை எதுக்குண்ணேன்னு. கேட்டேனா இல்லியா?"

"கேட்ட."

"என்ன சொன்னீங்க?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. ரெஜிஸ்தர் ஆபீஸ் சம்பிரதாயம் என்று சொன்னார். சொல்லிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து, "எவ்வளவு விவரமாக் கேக்குது பாருங்க" என்று சிரிக்கவும் செய்தார்.

"அறியாமச் சொல்லிட்டேன் பூவம்மா."

"நான் கோர்ட்டுக்குப் போகல. வக்கீலப் பாக்கல. எனக்கு நீங்கதான் கோர்ட்டு. நீங்க இல்லன்னு சொன்னதோட முடிஞ்சு போச்சுன்னு வீட்டுக்குப் போய்ட்டேன்." அவள் கத்தவில்லை. அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. "மழை பெஞ்சா அந்தக் கொட்டகையில எங்க ஒழுவுதுன்னு வந்து பாத்திருக்கீங்களா? எங்கம்மா வீட்டுல மாடி எழுப்பிட்டான் வாங்குனவன்."

அருள்ஜோதி உள்ளேயிருந்து வந்தாள். "என்ன பூவம்மா, வாசல்ல நின்னு சண்டை? அவரு என்ன ஜட்ஜா? கேட்டீங்க, தெரிஞ்சதச் சொன்னாரு."

"அத அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே மதினி. நான் ஜட்ஜு இல்லன்னு."

பூவம்மாள் போய்விட்டாள். அருள்ஜோதி கதவைச் சாத்தினாள். தங்கச்சி கேஸ் போட்ட விஷயமே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்று அடுப்பு மூட்டவில்லை. லியோ வந்து, "பின் ரூம இடிக்க ஆள் சொல்லிட்டேன்ப்பா, இப்ப என்ன பண்றது?" என்று கேட்டான். சிங்கராயர் துண்டை எடுத்துக்கொண்டு பின் அறைப் பக்கம் போனார்.

அடுத்த வாய்தாவுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைச் சட்டை, வேட்டி. புங்கமரத்தடியில் மற்றவர்களோடு குந்தினார். பட்டையைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றது இராஜாங்கம். அவருக்குக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. பெயரைப் பாதியில் விழுங்கினார். சிங்கராயர் முதல் அழைப்பிலேயே எழுந்து போய்விட்டார்.

"ஆட்சேபணை உண்டா?" என்றார் நீதிபதி.

"இல்லீங்கம்மா. அவ பங்கு அவளுக்கு உண்டுங்க."

"வக்கீல் யாரும் வேண்டாமா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தாங்க."

நீதிபதி எழுதினார். வாதிக்குப் பாதி என்று வாய்விட்டுச் சொன்னார். சுடர்விழி தலை வணங்கினாள். பெஞ்சு கிளார்க் அடுத்த கட்டைக் கையில் எடுத்தான். சிங்கராயர் நகரவில்லை.

"இன்னொண்ணு சொல்லணுங்கம்மா."

"சொல்லுங்க."

"எங்க தெருவுல பொம்பளைங்க நிறையப் பேருக்குப் பங்கு இல்லன்னு நான் சொல்லிட்டேங்க. எண்பத்தொன்பதுலேருந்து. அதைக் கேட்டுத்தான் அவங்க விட்டுட்டாங்க. சில பேரு ரேகை வச்சுட்டாங்க. அதையும் கோர்ட்டு எழுதிக்கணும்."

நீதிபதி அவரைப் பார்த்தார். மூடிய கட்டின் மேல் கை வைத்துச் சொன்னார்.

"அது இந்த வழக்கில இல்லியே."

"நான்தாங்க சொன்னேன். சத்தியம் பண்ணியே சொல்றேன்."

"அவங்க வந்து வழக்குப் போட்டா பார்க்கலாம். காலம் கடந்திருந்தா அதுவும் சிரமம். இங்க இருக்கிறது உங்க ரெண்டு பேர் வழக்கு மட்டும்தான். போங்க."

இராஜாங்கம் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்தார். "என்னண்ணே இது? கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு. வேலைக்கு வினையா வந்துடப் போவுது." சிங்கராயர் படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே அடுத்த வழக்கு ஆரம்பித்துவிட்டது. ஒரு வரப்பு, ஒரு தென்னை மரம், யாரோ யாரையோ குறுக்கு விசாரணை செய்கிற சத்தம்.

விண்ணரசி வந்து அவர் எதிரே நின்றாள். கொஞ்சம் தள்ளி பூவம்மாள் நின்றாள். முதல் பஸ்ஸுக்கே வந்து கடைசிவரை கோர்ட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள். சுடர்விழியிடம் ஏதோ கேட்டு, அவள் கை விரித்துச் சொன்ன பதிலையும் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சாவி" என்றாள் விண்ணரசி.

"சாவி எதுக்கும்மா? அருள்ஜோதி வீட்டுலதான் இருக்கா. கதவு தொறந்துதான் இருக்கும். நான் சொல்லியிருக்கேன். பின் ரூமக் கூட்டிக் கழுவி வச்சிருக்கா."

"பாதின்னு சொன்னாங்க அண்ணே. பின்பக்கம்னு சொல்லல."

"சரி, முன் ரூமையே எடுத்துக்க. நீ போ, அவ தொறப்பா."

"அவ தொறந்தா உள்ள போறதுக்கா நான் கேஸ் போட்டேன்?"

சிங்கராயர் மடியிலிருந்து சாவியை எடுத்தார். கயிற்றில் இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று வீட்டுச் சாவி, இன்னொன்று சைக்கிள் சாவி. கயிற்று முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். விண்ணரசி அவசரப்படுத்தாமல் நின்றாள். கடைசியில் முடிச்சு விட்டது. வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்தார்.

அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வா பூவம்மா" என்றாள். "நீயும் வா. முன் ரூமுல ரெண்டு பேர் படுக்கலாம்."

இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். முட்டி வலியால் விண்ணரசி மெதுவாகத்தான் நடந்தாள். பூவம்மாள் அவளுக்காக நின்று நின்று போனாள்.